ரோட்ஸ் தீவாரும் மகளின் சாதகமும்

என் குறிப்பேடுகளில் ஒருவருடைய பெயரும் இல்லை. இத்தாலியில் பலெர்மோவுக்கு வந்த முதல் வாரத்தில் எழுதத் தொடங்கினேன். இப்போது இருபத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. அப்போது ஒரே அறையில் ஆறு பேர் இருந்தோம். நான்கு பேரிடம் பெர்மெஸ்ஸோ, அதாவது இங்கே தங்குவதற்கான அனுமதிப் பத்திரம், இருக்கவில்லை. பெயரை எழுதிவைத்து யாருக்கும் கரைச்சல் கொடுக்கக் கூடாது என்று ஊரையும் உறவையும் மட்டும் எழுதினேன். பிறகு எல்லோருக்கும் பத்திரம் கிடைத்தது. என் பழக்கம் மாறவில்லை. ஆகவே இரண்டாயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன ஒரு கிரேக்க வானியலாளரும் என் குறிப்பேட்டுக்குள் பெயரில்லாமலே வந்தார். முதல் நாள் அவரை ‘ரோட்ஸ் தீவில் வேலை செய்தவர்’ என்று எழுதியிருக்கிறேன்.

அவரைப் பற்றி எனக்குச் சொன்னவர் நான் வேலை செய்யும் வீட்டுக்காரர். உயர்நிலைப் பள்ளியில் கிரேக்கம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். இத்தாலியில் பள்ளிக்கூட ஆசிரியரையும் புரொபெசோரே என்றுதான் அழைப்பார்கள். நானும் பதினொரு ஆண்டுகளாக அப்படித்தான் அழைக்கிறேன். வீடு வியா மக்வேதா என்ற தெருவில், நாலாம் மாடியில். புரொபெசோரேக்கு இரண்டு கண்ணிலும் நடுப்பகுதி மங்கிவிட்டது, ஓரத்தால்தான் பார்ப்பார். என் முகத்தைப் பார்க்க விரும்பினால் எனக்குப் பின்னால் இருக்கும் அலுமாரியைப் பார்ப்பார்.

போன ஆண்டுக்கு முந்திய இலையுதிர்காலத்தில், ஓய்வுபெற்றவர்களின் சங்கம் ஒன்றில் இந்த வானியலாளரைப் பற்றி உரையாற்ற அவர் ஒப்புக்கொண்டார். புத்தகங்கள் வீட்டில் இருந்தன. வாசிக்கக் கண் இல்லை. காலை பத்து மணியிலிருந்து பதினொன்றரை வரை நான் சத்தமாக வாசிப்பது என்று முடிவானது. என் இத்தாலியன் சமையலறைக்கும் மருந்துக்கடைக்கும் போதுமானது, வானத்துக்குப் போதாது. விளங்காத சொல்லையும் பிழையில்லாமல் உச்சரிப்பேன். புரொபெசோரே அதையே விரும்பினார். விளங்கி வாசிப்பவர்கள் இடையில் அபிப்பிராயம் சொல்வார்களாம்.

முதல் நாள் மாலை வீட்டில் இதைச் சொன்னேன். என் மனைவி யாழ்ப்பாணத் தீவுகளில் ஒன்றான வேலணையில் பிறந்தவள்.

“தீவு எண்டா எங்கடை ஆள். தீவார் எண்டு எழுதுங்கோ” என்றாள்.

“பிறந்தது தீவிலை இல்லை. துருக்கிப் பக்கம், நிக்கேயா எண்டு ஒரு ஊர். ரோட்ஸிலை இருந்து வேலை செய்தவர்.”

“பிறந்த இடம் ஒண்டு, உழைச்ச இடம் ஒண்டு. அப்ப கட்டாயம் எங்கடை ஆள்தான்.”

அன்றிலிருந்து அவர் குறிப்பேட்டில் தீவார் ஆனார்.

தீவாரின் வாழ்க்கையைப் பற்றித் தெரிந்ததை எழுத அரைப் பக்கம் போதும். கலியாணம் கட்டினாரா, பிள்ளைகள் இருந்தார்களா, எப்படி இறந்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. சுமார் எண்ணூற்றைம்பது நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக அளந்து, எது எங்கே இருக்கிறது, எவ்வளவு வெளிச்சம் என்று பட்டியல் போட்டார். புதிதாக ஒரு நட்சத்திரத்தைக் கண்டு, வானத்தில் நட்சத்திரங்கள் பிறப்பதும் சாவதும் உண்டோ என்று சந்தேகப்பட்டாராம். பின்னால் வருகிறவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று எழுதிவைத்தார். அந்தப் பட்டியல் தொலைந்துவிட்டது. அவர் எழுதிய எல்லாமே தொலைந்துவிட்டன, ஒன்றைத் தவிர. மிஞ்சிய அந்த ஒன்றில், வானத்தைப் பற்றிப் பாட்டு எழுதிய ஒரு கவிஞர் எங்கெங்கே பிழைவிட்டிருக்கிறார் என்று வரிசையாகக் காட்டியிருக்கிறார். இதை வாசித்த அன்று புரொபெசோரே வெகுநேரம் அலுமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய பெரிய கண்டுபிடிப்பை எனக்கு விளக்க மூன்று காலைகள் பிடித்தன. நாம் சித்திரை என்று சொல்லும் நட்சத்திரத்தைத் தீவார் அளந்தார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் முன்னால் அலெக்சாந்திரியாவில் ஒருவர் அதே நட்சத்திரத்தை அளந்து எழுதிவைத்திருந்தார். இரண்டுக்கும் இரண்டு பாகை வித்தியாசம். பழைய ஆள் பிழையாக அளந்துவிட்டார் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். தீவார் அப்படிச் சொல்லவில்லை. அந்த ஆளும் சரி, நானும் சரி, ஆகவே நாங்கள் அளக்கத் தொடங்கிய இடம்தான் நகர்ந்திருக்கிறது என்றார். இராப்பகல் சமமாக வரும் புள்ளி நட்சத்திரங்களுக்கு நடுவே மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கிறது. நூறு ஆண்டுக்குக் குறைந்தது ஒரு பாகை என்று கணக்குச் சொன்னார். உண்மையில் இன்னும் கொஞ்சம் வேகம். குறைந்தது என்று சொன்னதால் அவர் பிழைவிடவில்லை.

இதனால் ஏற்பட்ட ஒரு விளைவை நானே கண்டுபிடித்தேன். புரொபெசோரே ஏப்ரல் ஐந்தாம் திகதி பிறந்தவர். இத்தாலியச் செய்தித்தாளின்படி அவர் மேட ராசி. அவர்கள் மார்ச் இருபத்தொன்றில் சூரியனை மேடத்துக்குள் அனுப்பிவிடுகிறார்கள். நாங்கள் சித்திரை வருடப்பிறப்பு வரை காத்திருக்கிறோம். தீவார் கண்ட அந்த நகர்வு இன்றைக்கு இருபத்துநான்கு பாகை, சூரியனுக்கு ஏறக்குறைய இருபத்துநான்கு நாள், அளவுக்கு வந்து நிற்கிறது.

“எங்கள் கணக்கில் உங்களுக்குச் சூரியன் நிற்பது மீனத்தில்” என்றேன்.

“எண்பத்திரண்டு ஆண்டுகள் ஆட்டுக்கடாவாக இருந்துவிட்டேன்” என்றார். “இனி மீனாகச் சொல்கிறீர். சரி, மத்தியானம் என்ன சமையல்?”

மீன்தான் சமைத்திருந்தேன். அதையும் குறித்திருக்கிறேன்.

பிரச்சினை பன்னிரண்டாவது காலையில் வந்தது. தீவார் சொன்ன இன்னொரு யோசனையைப் பற்றிய பக்கம். இரண்டு ஊர்களுக்கு இடையே கிழக்கு மேற்காக எவ்வளவு தூரம் என்று அறிய, ஒரே சந்திரகிரகணத்தை இரண்டு ஊரிலும் பார்க்கச் சொன்னார். கிரகணம் எல்லோருக்கும் ஒரே கணத்தில்தான் நடக்கும். ஆனால் ஓர் ஊரில் அப்போது மாலை ஏழு மணியாக இருக்கும், கிழக்கே இருக்கும் ஊரில் பதினொன்றரையாக இருக்கும். அந்த நேர வித்தியாசம்தான் தூரம்.

ஏழு, பதினொன்றரை. நாலரை மணித்தியாலம். இந்த இலக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். குளிர்காலத்தில் ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போது பல ஆண்டுகளாகக் கூட்டும் இலக்கம். நான் வாசிப்பதை நிறுத்தினேன்.

“ஏன் நின்றுவிட்டீர்?” என்றார் புரொபெசோரே.

“என் மகள் பிறந்த நேரம்” என்றேன்.

என் மகள் இங்கேதான் பிறந்தாள், ஒரு டிசம்பர் மாதம், பகல் ஒன்று இருபதுக்கு. பிரசவ அறையின் சுவர் மணிக்கூட்டையும் என் கைமணிக்கூட்டையும் ஒப்பிட்டுக் குறித்தேன். அன்றே மாமனாருக்குக் கடிதம் எழுதினேன். அவர் அதை யாழ்ப்பாணத்தில் ஒரு சாத்திரியாரிடம் கொடுத்துச் சாதகம் எழுதுவித்து அனுப்பினார். அனுஷ நட்சத்திரம் என்று வந்தது. நான் அனுப்பும் கடிதங்களுக்குப் பிரதி வைப்பேன். அன்று மாலை அந்தப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். திகதி இருந்தது. கிழமை இருந்தது. நிறைகூட இருந்தது, மூன்று கிலோ நூற்றுப்பத்துக் கிராம். ‘பகல் 1.20’ என்று அடிக்கோடு போட்டிருந்தேன். எந்த ஊர் மணிக்கூட்டில் என்று எழுதவில்லை.

சாத்திரியார் யாழ்ப்பாணத்துப் பகல் ஒன்று இருபது என்று எடுத்துவிட்டார். அது அவர் குற்றமல்ல. அந்த ஆண்டுகளில் இலங்கையிலேயே மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னே தள்ளியிருந்தார்கள். சாத்திரிமார் அதைப் பொருட்படுத்தாமல் பழைய நேரத்தில்தான் கணித்தார்கள். நேரத்தைப் பற்றி அவருக்கு ஏற்கெனவே போதிய தொல்லை இருந்தது. கைத்தொலைபேசியில் சாதகம் கணிக்கும் செயலி ஒன்றைத் திறந்து பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று போட்டேன். அனுஷம். பலெர்மோ என்று போட்டேன். கேட்டை. அன்று அனுஷம் முடிந்தது யாழ்ப்பாணத்துப் பழைய நேரப்படி பிற்பகல் மூன்று ஐந்துக்கு. என் மகள் பிறந்தபோது அங்கே அதே நேரப்படி மாலை ஐந்து ஐம்பது.

அவளுக்கு மூன்று மாதத்தில் கலியாணம். பொருத்தம் பார்த்து, மண்டபம் எடுத்து, அழைப்பிதழும் அடித்தாயிற்று. மாப்பிள்ளை வீடு பலெர்மோவுக்குப் பக்கத்து ஊரான பகேரியாவில். பொருத்தம் பார்ப்பதற்கு முன்பே இரண்டு ஆண்டுகளாக அவளும் அவரும் பகேரியா ரயிலில் கதைத்துக்கொண்டு போய்வருவது எனக்குத் தெரியும். தெரியாதது போல இருந்தேன். குறிப்பேட்டில் அவர்கள் முதன்முதல் சந்தித்தது எங்கள் வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நாலு மணிக்கு.

கேட்டையில் பிறந்த பெண் கணவனின் தமையனுக்கு ஆகாது என்பது எங்கள் ஆட்களிடையே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாப்பிள்ளைக்கு ஒரு தமையன் இருந்தார். தகப்பன் இல்லை, மாப்பிள்ளைக்குப் பதினாறு வயதாக இருக்கும்போது மாரடைப்பில் போய்விட்டார். அன்றிலிருந்து வீட்டைத் தாங்கியவர் அந்தத் தமையன்தான்.

கடிதப் பிரதியை மேசையில் வைத்து மனைவிக்கும் மகளுக்கும் விளக்கினேன். மகள் பல் வைத்தியரிடம் வேலை செய்கிறாள். ஆட்கள் நோவைச் சொல்லும்போது பொறுமையாகக் கேட்டுப் பழகியவள். கடைசி வரை கேட்டாள்.

“ஓகே. இது ஆருக்குத் தெரியும்?”

“எங்கள் மூண்டு பேருக்கும் புரொபெசோரேக்கும்.”

“அப்ப லாஷா ஸ்தாரே, அப்பா. விடுங்கோ.”

“விடேலாது பிள்ளை. பிழை எண்டு தெரிஞ்ச கடதாசியைக் குடுத்து...”

“நீங்கள் போய்ச் சொன்னா நான் உங்களோடை கதைக்க மாட்டன்.”

மனைவி கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “உலகத்திலை சனம் வேணுமெண்டு பொய்ச் சாதகம் எழுதிக் கலியாணம் கட்டி நல்லா இருக்குது. இவர் உண்மையாப் பிழைவிட்டுப்போட்டு, அதைத் திருத்துறதுக்குக் கலியாணத்தைக் குழப்பப் போறார். நிறையை எழுதத் தெரிஞ்ச மனிசனுக்கு ஊரை எழுதத் தெரியேல்லை.”

நான் கடிதப் பிரதியை வாங்கி மடித்துக் குறிப்பேட்டுக்குள் வைத்தேன்.

நட்சத்திரத்தை நான் நம்புகிறேனா என்று இந்த இடத்தில் சொல்ல வேண்டும். எனக்குத் தெரியாது. ஆனால் மாப்பிள்ளையின் தாய் நம்புகிறார். ஏதும் நடந்தால் அவர் என்னைத்தான் பார்ப்பார். அப்போது எனக்கு முன்பே தெரிந்திருந்தது என்பது என் குறிப்பேட்டில் திகதியோடு இருக்கும். அதைக் கிழிக்கலாம். இதுவரை ஒரு தாளும் கிழித்ததில்லை.

மறுநாள், போய்ச் சொல்வதா விடுவதா என்று புரொபெசோரேயிடம் கேட்டேன். உமது தீவாரையே பாரும் என்றார். எத்தனையோ எழுதினார், காலம் மிச்சம் வைத்தது மற்றவர்களுடைய பிழையைத் திருத்திய புத்தகத்தை மட்டும். இதைப் பாராட்டாகவும் எடுக்கலாம், எச்சரிக்கையாகவும் எடுக்கலாம் என்றார். நான் எப்படி எடுப்பது என்று கேட்டேன். மருந்து நேரம் வந்துவிட்டது என்றார். வந்துதான் இருந்தது.

அடுத்த ஞாயிறு நானும் மனைவியும் ரயிலில் பகேரியாவுக்குப் போனோம். மனைவி வழி முழுவதும் யன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்தபடி வந்தாள். மாப்பிள்ளையின் தாய் பலகாரத் தட்டோடு வந்தார். அது முடியும் வரை காத்திருக்கலாம் என்று மனைவி கண்ணால் சொன்னாள். நான் தட்டிலிருந்த முதலாவது வாய்ப்பனை எடுக்க முன்பே சொல்லிவிட்டேன். குறிப்பேட்டைத் திறந்து கடிதப் பிரதியையும் இரண்டு கணிப்புகளையும் காட்டினேன்.

அவர் தட்டைக் கீழே வைத்தார். “அண்ணை, என்ரை சின்னவனும் இஞ்சைதான் பிறந்தவன். நாங்களும் கடிதம் போட்டுத்தான் எழுதுவிச்சனாங்கள்.”

மாப்பிள்ளை தன் கைத்தொலைபேசியில் தன்னுடையதையும் பலெர்மோ என்று போட்டுப் பார்த்தார். நட்சத்திரம் மாறவில்லை. அவர் பிறந்த நேரம் நட்சத்திரத்தின் நடுவில் விழுந்திருந்தது. ஆகவே பிழை எங்கள் பக்கம் மட்டும்தான். மாப்பிள்ளை அதைச் சொல்லிவிட்டுத் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேட்டையோ” என்றார் தாய். “எனக்கு மனிசனும் இல்லை அண்ணை. மூத்தவன்தான். நீங்கள் வந்து சொன்னதுக்கு நன்றி சொல்லவோ, ஏன் சொன்னனீங்கள் எண்டு கேக்கவோ எண்டு எனக்குத் தெரியேல்லை.”

“ரெண்டும் சரிதான்” என்றேன். மனைவி என் காலை மிதித்தாள்.

மூத்தவர் உணவகமொன்றில் சமையல் வேலை. மூன்றரைக்கு மத்தியான வேலை முடிந்து, மொத்தோரினோவை, அதாவது தன் சின்ன ஸ்கூட்டரை, வாசலில் விட்டு, தலைக்கவசத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். செத்த வீட்டில் நுழைந்தவர் போல எல்லோரையும் பார்த்தார். தாய் சொன்னார், நான் நேரங்களைத் திருத்தினேன். முழுவதையும் கேட்டுவிட்டு ஒரு வாய்ப்பனை எடுத்துக் கடித்தார்.

“அப்ப ஆபத்து எனக்குத்தான். தம்பிக்கு இல்லை?”

“உங்களுக்குத்தான்” என்றேன்.

“பலெர்மோவிலை பன்ரெண்டு வருசமா மொத்தோரினோ ஓடுறன் மாமா. அதுக்கு மேலை ஒரு நட்சத்திரம் என்னை என்ன செய்யும்?”

“கொப்பரும் இப்பிடித்தான் பகிடி விட்டவர்” என்றார் தாய்.

“அப்பாவுக்குக் கேட்டையிலை ஒரு மருமோளும் இருக்கேல்லை அம்மா. அவர் சிகரெட் பத்தினவர்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “மாமா, அந்தக் கொப்பியைத் தாங்கோ. தமையனுக்குச் சொன்னது, தமையன் சம்மதிச்சான் எண்டு எழுதுங்கோ. கையெழுத்து வைக்கிறன்.”

எழுதினேன். நேரம் மூன்று ஐம்பத்திரண்டு, பகேரியா. அவர் கையெழுத்து வைத்தார். என் குறிப்பேட்டில் இருக்கும் ஒரே ஒரு பெயர் அதுதான். அதுவும் வாசிக்க முடியாத கிறுக்கல்.

தாய் அழுது முடித்துவிட்டு ஒரு நிபந்தனை வைத்தார். மாதாமாதம் கேட்டை வரும் நாளில் அவருடைய மூத்தவனின் பேரில் கோயிலில் அர்ச்சனை செய்ய வேண்டும். “வேறை ஆளை அனுப்பப்படாது. நீங்கள்தான் போகவேணும் அண்ணை. இஞ்சத்தை நேரத்துக்கு.”

நான் ஒப்புக்கொண்டேன். மகள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். பன்னிரண்டு நாட்கள் என்னோடு கதைக்கவில்லை. பதின்மூன்றாம் நாள் கதைத்தாள். மண்டபத்துக் கதிரைகளின் எண்ணிக்கையைச் சரிபார்க்க ஆள் தேவைப்பட்டது.

புரொபெசோரேயின் உரைக்கு ஒன்பது பேர் வந்தார்கள். இரண்டு பேர் நித்திரை. அவர் எழுதிய தாளை வைத்திருக்கவில்லை, வைத்தாலும் தெரியாது. கடைசி வரிசையில் இருந்த என் பக்கமாகத் திரும்பாமல், அதாவது என்னைப் பார்த்து, தீவாரை அவருக்குப் பின் வந்த ஒரு பெரிய வானியலாளர் உண்மையை நேசித்தவர் என்று சொன்னதாகக் கூறினார். பிறகு, அப்படிப்பட்டவர்களோடு ஒரு வீட்டில் இருப்பது இலேசல்ல என்று சேர்த்துக்கொண்டார். இந்த வசனம் நான் வாசித்த எந்தப் பக்கத்திலும் இல்லை.

கலியாணம் குறித்த நாளில், குறித்த முகூர்த்தத்தில் நடந்தது. முகூர்த்தத்தை நானே பலெர்மோ நேரத்துக்குக் கணித்து, ஐயரையும் சரிபார்க்கச் சொன்னேன். அவர் மூன்று தரம் சரிபார்த்தார், மூன்றாவது தரம் என் வற்புறுத்தலுக்காக. அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் அர்ச்சனைக்குப் போகிறேன். ஒவ்வொரு நாளும் குறிப்பின் முடிவில் ‘மருமகனின் தமையன்: சுகம்’ என்று ஒரு வரி எழுதுகிறேன். எழுத வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அறிவதற்காக மகளுக்குச் செய்தி அனுப்புவேன். அவள் பெருவிரல் படம் ஒன்றை அனுப்புவாள்.

கலியாணமாகிப் பதினோராம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, படம் வரவில்லை. மத்தியானம் பன்னிரண்டே கால் மணிக்கு மனைவி தொலைபேசியில் அழைத்தாள். தமையன் மொத்தோரினோவோடு விழுந்துவிட்டாராம். மழைத் தண்ணீர் நின்ற குழி. வலது மணிக்கட்டு முறிந்திருக்கிறது, வேறொன்றும் இல்லை. நான் அன்று நாலு மணி வரை வேலை செய்தேன். சோற்றுக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன். புரொபெசோரே தட்டை முடித்துவிட்டு இன்னொரு கிளாஸ் தண்ணீர் கேட்டார்.

ஆஸ்பத்திரியில் மூத்தவர் மாவுக்கட்டோடு கதிரையில் இருந்தார். “குழியிலைதான் விழுந்தனான் மாமா, நட்சத்திரத்திலை இல்லை” என்றார். நான் சிரிக்கவில்லை. அவருடைய தாய் பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். கலியாணத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் தனியாகக் கதைத்ததில்லை. நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன்.

“எழுதிப்போட்டியளோ?” என்று கேட்டார்.

“ஓம்.”

“என்னெண்டு?”

கொப்பியை எடுத்து வாசித்தேன். நேரம், இடம், மணிக்கட்டு, மழை.

அவர் கைப்பையைப் பக்கத்துக் கதிரையில் வைத்தார். “அப்ப இதையும் எழுதுங்கோ. கலியாணத்துக்கு முந்தியும் விழுந்தவன். நாலு தரம். ஒருக்கா கால், ஒருக்கா தோள்மூட்டு. மற்ற ரெண்டும் சின்னக் காயம்.”

“எந்தெந்தத் திகதி?”

“திகதி ஆருக்கு ஞாபகம் அண்ணை. நாலு தரம். நான்தானே கூட்டிக்கொண்டு திரிஞ்சனான்.”

திகதி இல்லாத எதையும் நான் குறிப்பேட்டில் சேர்ப்பதில்லை. அன்று சேர்த்தேன். அவர் எழுத்தைப் பார்த்து, நாலு என்பதற்குக் கீழே கோடு போடச் சொன்னார். போட்டேன்.